கிரேன்காரர் தேடிய வெளிச்சம்

கிரேன்காரர் என்றால் அந்தக் கட்டட வேலையிடத்தில் தனி மரியாதை. எல்லா மாடிக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, கம்பிக்கட்டைத் தூக்கி, சொன்ன இடத்தில் பூப்போல இறக்கி வைப்பார். கையில் அவ்வளவு நிதானம். அந்த நிதானம் வீட்டு வாசலோடு சரி. உள்ளே படுகிற பாடு அவர் பெண்சாதிக்குத்தான் தெரியும். தையல் கடையில் மெஷினை மிதித்துக்கொண்டே சொல்லுவாள்: "மத்தவங்க புருஷன் குடிச்சுட்டு வர்றான். என் வீட்டுக்காரர் உண்மையைத் தேடிட்டு வர்றார். எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால், தேட விட்டதே அவள்தான். கல்யாணமான புதிதில் அவருக்கு அடிக்கடி வலிப்பு வரும். குணமாகாதா என்று எந்தெந்தச் சாமியார் வாசலிலோ கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். கடைசியில் டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலிப்பு நின்றது. அந்த வாசல்களுக்கு அவர் போய்வருவதுதான் நிற்கவில்லை. வலிப்பு விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் பாட்டுக் கூட்டம். விடிகிறதற்கு முன்னால் எழுந்து தொண்டை கிழியப் பாடி, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை. அப்புறம் மௌனக்காரர்கள். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூடக் கையால் ஜாடை. அதற்கப்புறம் சேவைக்காரர்கள்; வீட்டில் இருந்த போர்வையெல்லாம் ஊராருக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியாக, எதற்கெடுத்தாலும் 'நான் யார்' என்று கேட்கச் சொல்லும் ஒரு கேள்விக் கூட்டம். "கரண்டு பில் கட்டணுங்க" என்றால், "கட்ட வேண்டியவன் யாரு?" என்று கேட்பார்.

"நீங்கதான்! உங்க பேர்லதான் மீட்டர் இருக்கு!"

இதுவரைக்கும் சிரிப்புதான். ஒரு நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர் பேசியதில்தான் அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

"பாடுறவங்க கரைஞ்சு போன்னு சொல்றாங்க. மௌனக்காரங்க காலியாகுன்னு சொல்றாங்க. சேவை செய்றவங்க உன்னை மறந்துடுங்கறாங்க. கேள்வி கேக்குறவங்க, நீன்னு ஒருத்தனே இல்லைங்கறாங்க. வழிதான் வேற வேற. போய்ச் சேர்ற இடம் எப்படி இருக்கும்னு கேட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. ஒரு வெளிச்சம். பயமே இல்ல. நான்னு ஒண்ணு இல்ல."

"ரொம்ப நல்லது. சாப்பிடுங்க."

"அந்த இடம் எனக்குத் தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வலிப்பு வர்றதுக்கு முன்னாடி ஒரு நொடி. நான் அங்க போயிருக்கேன். இவங்கெல்லாம் கேள்விப்பட்டதைச் சொல்றாங்க. எனக்கு அந்தக் கதவைச் சாத்தி வெச்சிருக்கறது மாத்திரைதான்."

"பைத்தியக்காரத்தனமா பேசாதீங்க" என்று அதட்டினாள். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின், மனசு கேட்காமல் வீட்டைக் குடைந்தாள். சன்னல் கதவு ஓடுகிற பள்ளத்தில், திரைக்குப் பின்னால், மாத்திரைகள் கிடந்தன. வெயிலில் நிறம் மாறியவையும் இருந்தன, நேற்று அவள் கையில் வாங்கி வாயில் போட்டுக்கொண்டதும் இருந்தது. போன் அடித்தாள். அவர் எடுக்கவில்லை. போட்டது போட்டபடி கிடக்க, ஓடினாள்.

வேலையிட வாசலில் சூப்பர்வைசர் மறித்தான். "அக்கா, ஹெல்மெட் இல்லாம உள்ள வரக் கூடாது."

மேலே பார்த்தாள். கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. அதற்கு நேர் கீழே ஆட்கள் குந்தி உட்கார்ந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் இத்தனை வருஷத்துப் பிழைப்பு போச்சு. அவர் ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டார். அது தெரிந்தேதான் சொன்னாள்.

"தம்பி, அவருக்கு வலிப்பு இருக்கு. மாத்திரையை நிறுத்திட்டார். இறக்குப்பா அவரை!"

சூப்பர்வைசர் முகம் வெளுத்துப்போய்விட்டது. வாக்கி டாக்கியை எடுத்தான். "அண்ணே, லோடைக் காலி இடத்துல இறக்கிட்டுக் கீழ வாங்க. அண்ணே?"

கரகரவென்று இரைச்சல். அப்புறம் அவர் குரல்.

"வருது."

"என்ன வருது அண்ணே?"

"சத்தம் போடாதீங்க. வருது."

அந்தக் குரலில் இருந்த குழைவை அவள் இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பாவி மனுஷா என்று மனசு அடித்துக்கொண்டது. சூப்பர்வைசரைத் தள்ளிவிட்டுக் கம்பி கட்டுகிறவர்கள் நடுவில் போய் விழுந்தாள்.

"எந்திரிங்க! மேல பாக்காதீங்க, ஓடுங்க!"

எந்தப் புண்ணியமோ, ஏன் என்று கேட்காமல் ஓடினார்கள். மேலே நெம்புகோலைப் பிடித்திருந்த அவர் கை விறைத்துக்கொண்டதில் கிரேன் கை வெடுக்கென்று திரும்பியது. கம்பிக்கட்டு வீசியடித்துச் சாரத்தில் மோதி, தூக்கிப் பிடித்திருந்த பட்டை அறுந்து, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் அப்படியே சரிந்தது. கம்பிகள் விழுந்து அடங்கவே நேரமாயிற்று. ஒருவனுக்குக் காலில் காயம். மற்றவர்கள் ஆளை ஆள் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு பேர் ஏணியில் ஏறி அவரைக் கட்டி இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மத்தியானத்துக்கு மேல் அவருக்கு நன்றாக நினைவு வந்தது. அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். காயம்பட்டவன் எப்படி இருக்கான் என்று கேட்பார், கேட்பார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் கிடைச்சிருந்தா..." என்றார். கண்ணில் தண்ணீர்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. இத்தனை நாளும் புருஷன் தொலைந்துபோய்விடுவாரோ என்று பயந்தவளுக்கு, இப்போது அவர் எதிரில் இருப்பதே பயமாக இருந்தது.

நர்ஸ் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் மறுபேச்சு பேசாமல் வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீரைக் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"வாயைத் திறங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"ஏங்க, உங்களைத்தான். வாயைத் திறங்க, பாக்கணும்."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, அவர் சிரித்தபடியே இருந்தார்.