தேன் நிறத்துப் பிக்கு

பல்லிடுக்கில் கவ்விக்கொண்ட பிளாஸ்டிக்கின் வழவழப்பு இன்னும் என் நாக்கு நுனியில் இருக்கிறது. கிட்டாருக்குச் சுருதி சேர்க்க இரண்டு கையும் வேண்டும், அதனால் கம்பி மீட்டுகிற "பிக்கு" என்கிற சின்ன வில்லை வாய்க்குப் போய்விடும். வில்லியனூர் பக்கத்து எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது; என்னிடம் இருந்தது பிரான்சிலிருந்து மாமா கொண்டுவந்த, தேன் நிறத்து ஒற்றைப் பிக்கு. பக்கத்தில் இன்னொரு கிட்டார் வாசித்த ஜெசிந்தாவோ ஷாம்பு பாட்டிலை வெட்டி, கோயில் படியில் தேய்த்துத் தேய்த்துத் தானே செய்துகொள்வாள். உண்மையைச் சொன்னால், என்னைவிட அவள்தான் நன்றாக வாசிப்பாள்.

மாதா தேர்த் திருநாள் பூசையில் நற்கருணை வாங்க எழுந்தபோது, எப்போதும்போலப் பிக்கைக் கம்பிகளுக்கு நடுவே செருகி, கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் காணோம். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த ஜெசிந்தா, கடைசிப் பாட்டு தொடங்கிவிட்ட அவசரத்தில் தன் ஷாம்பு பிக்கை என் கையில் திணித்துவிட்டு வெறும் விரலாலேயே வாசித்தாள். பூசை முடிந்ததும் அத்தனை பேருக்கும் நடுவில் நான் கேட்டேன்: "நீதானடி பக்கத்துல இருந்த, எடுத்தியா?" தபேலா வாசிக்கிற அண்ணன் சிரித்துக்கொண்டே, பிரான்சு சாமான் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது என்றார். அவள் கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினாள். கைக்குட்டை, செபமாலை, பாதி கடித்த தேன்மிட்டாய்.

மத்தியானம் வீட்டில் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தபோது அதன் வயிற்றுக்குள் எதுவோ கடகடத்தது. கவிழ்த்து உலுக்க உலுக்க, வட்ட ஓட்டை வழியாகத் தேன் நிறப் பிக்கு பாயில் விழுந்தது. அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும். அவள் வீடு நாலு தெரு தள்ளித்தான். அந்த நாலு தெருவை நான் நடக்கவில்லை.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். திருபுவனை கம்பெனிக்கு ஷிப்டு போகிறாள். கோயிலில் இப்போது கிட்டாரே கிடையாது, கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் அந்தச் சத்தம் வந்துவிடுகிறது என்று நான் என்னென்னவோ பேசிக்கொண்டே போனேன். பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"இன்னாடி, அப்புறம் அது கெடச்சுதா?"

என் பர்சில்தான் இருந்தது, நான் திருப்பித் தராத அவளுடைய ஷாம்பு பிக்கோடு ஒட்டிக்கொண்டு.

"இல்லடி" என்றேன்.

"நல்ல பிக்குடி அது" என்றாள், உண்மையாகவே வருத்தப்பட்டு. பஸ் கிளம்பிவிட்டது.