பஸ்ஸைப் பார்த்துக்கிட்டே எடுத்த பாடம்

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற தொழில்ல ஒரு பெரிய அவஸ்தை உண்டு: படிக்க வர்றவங்க எல்லாரும் எங்கேயாவது போறதுக்காக வர்றாங்க, சொல்லித்தர்றவங்க மட்டும் அதே நாற்காலியில கிடக்கணும். டியூஷன் எடுத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

ரெண்டாயிரத்து அஞ்சுல, மரக்காணத்துல ஒரு உரக்கடை மாடியில ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்திக்கிட்டிருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி எம்.ஏ. முடிச்ச கையோட ஆரம்பிச்சது. மழை வந்தா உப்பளத்துல வேலை நிக்கும், என் வகுப்பு நிறையும். தை பொறந்து உப்புப் பாத்தி கட்ட ஆரம்பிச்சா வகுப்பு காலி. அப்பா எனக்கும் தை வரைக்கும்தான் கெடு குடுத்திருந்தார். அதுக்குள்ள மெட்ராஸ்ல வேலை கிடைக்கலன்னா, அவர் பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டணும். எனக்கு உட்காரவே முடியாது. போர்டுக்கும் ஜன்னலுக்குமா நடந்துக்கிட்டேதான் பாடம். கீழே மெட்ராஸ் பஸ் போனா, அது வளைவுல மறையுற வரைக்கும் பாடம் நின்னுடும்.

வார்த்தைப் பஞ்சம்

செல்வம் உப்பளத்துல மேஸ்திரி. மகாபலிபுரத்துல டூரிஸ்ட் வேன் ஓட்டணும்னு ஆசை. முதல் நாளே நான் என் பெரிய பாடத்தை எடுத்துட்டேன். இங்கிலீஷ்ல ஒரே சொல்லு பெயராவும் வரும், வினையாவும் வரும். 'வாட்டர்'னா தண்ணி, 'வாட்டர் தி பிளான்ட்ஸ்'னா செடிக்குத் தண்ணி ஊத்து. 'சால்ட்'னா உப்பு, 'சால்ட் தி ஃபிஷ்'னா மீனுக்கு உப்பு போடு. சொல்லைத் தனியா பார்த்தா தெரியாது, வாக்கியத்துல எங்க உட்கார்ந்திருக்குதுன்னு பார்க்கணும்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். செல்வம் பொறுமையா கேட்டுட்டுச் சொன்னார்: “ஏன் மிஸ், வெள்ளைக்காரனுக்கு வார்த்தை பத்தலையா? நம்மளக் கேட்டிருந்தா ரெண்டு குடுத்திருப்போமே.”

பாயும் பெட்டியும்

கபீர் பாய் துபாய்ல ஒரு கடைக்கு வேலைக்குப் போக விசா வாங்கி வெச்சிருந்தார். முதலாளி ஏவுற வேலை புரிஞ்சா போதும், இலக்கணமெல்லாம் வேணாம்னு கறாரா சொல்லிட்டார். நான் விடுவேனா? 'பாக்ஸ்'னா பெட்டி, பெட்டியில போடுறதும் 'பாக்ஸ்'தான்னு ஆரம்பிச்சேன். “அப்ப முதலாளி பாக்ஸுன்னு கத்தினா பெட்டியைத் தூக்கிட்டு வரணுமா, சாமானை உள்ள போடணுமா?”ன்னு கேட்டார். அது முழு வாக்கியத்தைக் கேட்டாத்தான் தெரியும் பாய்னு சொன்னேன். அடுத்த வாரம் ஃபிளைட்ல ஏறிட்டார். எனக்கு வயிறு எரிஞ்சுது, நான் திண்டிவனத்தையே தாண்டல. போறப்ப என்கிட்ட சொல்லிட்டுப் போனது இதுதான்: “முதலாளி கண்ணு எந்தப் பக்கம் போவுதுன்னு பார்த்துக்கிறேன் டீச்சரம்மா, இன்ஷா அல்லா தப்பிச்சிடுவேன்.”

போனை வெச்ச கஸ்டமர்

ஐப்பசியில எனக்கு மெட்ராஸ்ல ஒரு கால் சென்டர் இன்டர்வியூ வந்தது. எதிர்ல இருந்தவர் கோபக்காரக் கஸ்டமர் மாதிரி நடிச்சார். 'ஐ ஈமெயில்டு யூ', ஒரு வாரமாச்சு, பதிலே இல்லன்னு இங்கிலீஷ்ல பொரிஞ்சு தள்ளினார். எனக்கு அந்த 'ஈமெயில்' மேலேயே புத்தி நின்னுடுச்சு. அது பெயர்தானே, எப்போலேர்ந்து வினையாச்சு, யார் ஒத்துக்கிட்டாங்கன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறம் அவர் கேட்டது எதுவும் காதுல விழல. அவர் பேனாவை மூடிட்டு நல்ல தமிழ்ல சொன்னார்: “கஸ்டமர் இந்நேரம் போனை வெச்சிட்டுத் தூங்கியிருப்பார்ம்மா.”

காபி

சகாயமேரி ஆரோவில் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா. மேசைக்குப் பரிமாறுற வேலை காலியா இருந்தது, அதுக்கு இங்கிலீஷ் வேணும். என் வகுப்புலயே இவ ஒருத்திக்குத்தான் எதுவும் ஏறல. கையில கிடைச்ச பெயரையெல்லாம் வினையாக்கிடுவா. 'டீ' வினையா வராதுடின்னு தலையில அடிச்சிக்குவேன்.

ஒரு நாள் ஸ்வீட் பாக்கெட்டோட வந்து நின்னா. வேலை கிடைச்சிடுச்சாம். பரிமாறிக் காட்டச் சொன்னதும், அங்க தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்கிட்ட நேராப் போய் 'சார், ஐ காபி யூ?'ன்னு கேட்டிருக்கா. எனக்குச் சந்தோஷத்தை விட ஆத்திரம்தான் அதிகமா வந்தது. அதெப்படிடி அவருக்குப் புரிஞ்சுதுன்னு கேட்டேன். “கையில காபி இருந்துச்சு மிஸ், எடுத்துக் குடிச்சாரு.”

காலி மாடி

கார்த்திகையில புதுச்சேரியிலேர்ந்து மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு பார்க்க வந்துட்டாங்க. மாப்பிள்ளை நல்ல மாதிரிதான், குறை சொல்ல ஒண்ணுமில்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்தது. நான் வேலைக்குப் போகணும்னு இருக்கேன்னு மாப்பிள்ளையோட அம்மாகிட்ட வாயைத் திறந்து சொல்லிட்டேன். அப்பா முகம் சுருங்கிடுச்சு. அந்தம்மா என் கையைப் பிடிச்சிக்கிட்டு ரொம்ப அன்பாத்தான் சொன்னாங்க: “கல்யாணத்துக்கு அப்புறமும் டியூஷன் எடும்மா, எங்க வீட்டு மாடி காலியாத்தான் இருக்குது.”

முதல் வேலை

அந்த மாடியை நினைச்சே பேப்பர்ல வந்த வேலைக்கெல்லாம் அப்ளிகேஷன் போட்டேன். தைக்கு முன்னாடி இன்னொரு கால் சென்டர்ல கூப்பிட்டாங்க. அங்கேயும் ஒருத்தர் கஸ்டமரா மாறிக் கத்தினார். பெயரோ வினையோ நாசமாப் போகட்டும்னு, வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவர் கத்தக் கத்த நானும் பேசிக்கிட்டே இருந்தேன். கடைசியில சிரிச்சிட்டு, எப்போ சேர்றீங்கன்னு கேட்டார்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாத்தினார். மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போதைக்கு இல்லைன்னு சொல்லிட்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். டீக்கடையில தெரிஞ்சவர் ஒருத்தர், பொண்ணு எங்க கிளம்புதுன்னு கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “மெட்ராஸ்ல வேலைக்குப் போவுதுப்பா, ரெண்டு வருஷமா வீட்ல சும்மாதான் இருந்துச்சு.”

எந்தச் சொல்லும் எந்த வேலையும் பார்க்கும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நான், எங்கப்பா கணக்குல அன்னிக்குத்தான் முதல் முதலா வேலை பார்க்கக் கிளம்பினேன்.