கதவுப் பக்கத்திலிருந்து ஒட்டிய தரை

ரசமட்டம் என்று கேட்டால்தான் அந்த வட்டாரத்தில் அவன் வீட்டுக்கு வழி சொல்வார்கள். டைல்ஸ் ஒட்டுகிறவன். நீர்க்குமிழி வைத்த அந்தச் சின்னக் கட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். உறவுக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் மேசை மேல் வைத்துக் குமிழியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். ஒட்டிய ஒவ்வொரு டைலையும் நாலு மூலையிலும் நடுவிலும் விரல் முட்டியால் தட்டிக் கேட்பான். டொக்கென்று கேட்டால் அடியில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவான். பதினெட்டு வருஷத்தில் அவன் போட்ட தரை ஒன்றுகூட எழும்பியதில்லை.

இதெல்லாம் சைக்கிளில் வந்து இறங்குகிறவன் நெற்றியில் தெரியாதே.

மாடி வைத்த அந்த வீட்டுக்கு வேலை கேட்டுப் போனபோது வீட்டுக்கார அம்மா பால்கனியிலிருந்தே பார்த்தார். முதலில் சைக்கிளை, பிறகு கேரியரில் கட்டிய சாக்குப் பையை, கடைசியில் தைத்துப் போட்ட செருப்பை. முகம் வரைக்கும் அவர் கண் ஏறவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்ப்பா."

எட்டு நாள் ஆகியும் அந்த நாளை வரவில்லை. அக்காதான் கொதித்தாள்.

"நீ ஒட்டின தரையை அவங்க எங்கடா பாத்தாங்க? நீ வந்து இறங்கினதைத்தான் பாத்தாங்க. அதையே காட்டுவோம்."

தன் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையை மடிப்பு வைத்துத் தேய்த்தாள். அவருடைய வாட்சைக் கட்டிவிட்டாள். கார் சாவியைக் கையில் திணித்தாள்.

"கையெல்லாம் சிமெண்ட் வெடிப்புக்கா. இதை என்ன பண்றது?"

"பைக்குள்ள வச்சுக்கோ."

அதே வீடு, அதே அம்மா. இந்த முறை கீழே இறங்கி வந்தார். "வாங்க சார், உள்ள வாங்க" என்றார். கூலியைச் சொன்னான், மறுபேச்சில்லை. ரெண்டு அறையும் குளியலறையும் அவன் பொறுப்பு என்று ஆயிற்று.

வேலை தொடங்கிய அன்று, வழக்கம்போல முழங்கால் போட்டுக் கரண்டியை எடுத்தான்.

"ஐயையோ, நீங்க எதுக்கு சார்? ஆளுங்க வரலையா?"

வேறு வழியில்லாமல் போன் பண்ணி எக்ஸ்பிரஸை வரவழைத்தான். கூட வேலை பார்த்தவன்; நல்லவன்தான், ஆனால் கை வேகத்துக்கு மூளை ஈடு கொடுக்காது. எக்ஸ்பிரஸ் உள்ளே வேலைக்குப் போனான். ரசமட்டத்துக்குக் கூடத்தில் மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். காலையில் டீ, பதினொரு மணிக்கு ஜூஸ், கையில் பேப்பர்.

அந்த நாற்காலி அவனை விடவில்லை. எழுந்து ரெண்டு அடி வைத்தால், "என்ன சார் வேணும்? சொல்லுங்க, நான் கொண்டு வரேன்" என்று அம்மா வந்துவிடுவார். உள்ளே ரப்பர் சுத்தியல் சத்தம் கேட்கும். டப், டப், டொக். டப், டொக். ஒவ்வொரு டொக்கும் பல்லில் கல் கடிபட்டதுபோல இருக்கும். பேப்பரில் ஒரே வரியை ஒன்பது தரம் படிப்பான். சாயங்காலம் மேற்பார்வை என்ற பேரில் உள்ளே போய், பொள்ளலாகக் கேட்டதையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வருவான்.

"அண்ணே, நீ சார் ஆனதிலேர்ந்து ரொம்பத் தட்டுறே" என்பான் எக்ஸ்பிரஸ்.

அறைகள் ரெண்டும் எப்படியோ தேறின. அஞ்சாம் நாள் குளியலறை. பதினொரு மணிக்கெல்லாம் "முடிஞ்சுதுண்ணே" என்று எக்ஸ்பிரஸ் வெளியே வந்தான். ரசமட்டம் போய்க் கட்டையை வைத்தான். குமிழி வடிகால் மூலைப் பக்கம் ஏறி நின்றது. வாட்டம் தலைகீழ். குளிக்கிற தண்ணீரெல்லாம் வாசற்படி தாண்டிக் கூடத்துக்கு வரும். அந்தத் தரை அவன் தரை என்றுதான் ஊர் சொல்லும்.

அம்மா பேங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாடியில் அவர் வீட்டுக்காரர். ரசமட்டம் எக்ஸ்பிரஸை வெள்ளை சிமெண்ட் வாங்கத் தூரத்துக் கடைக்கு அனுப்பினான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கதவோரத்து ஆணியில் மாட்டினான். வாட்சையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான்.

காலையில் ஒட்டியது என்பதால் எல்லாம் ஈரமாகவே பெயர்ந்து வந்தன. வாசற்படி உயரம்தான் குமிழியைப் பார்த்ததிலிருந்து அவனை உறுத்திக்கொண்டிருந்தது, அங்கேயே ஆரம்பித்தான். நாலு நாள் பட்டினி கிடந்த கை. வரிசை வரிசையாக ஓடியது. வாட்டம் நூல் பிடித்ததுபோல மூலைக்கு இறங்கியது. டப், டப், டப். ஒரு டொக் இல்லை. சீட்டியடித்துக்கொண்டே ஒட்டினான்.

கடைசி நாலு டைல் கையில் இருந்தபோதுதான் நிமிர்ந்தான்.

அவன் நின்றது வடிகால் மூலையில், ரெண்டடிச் சதுரம் வெறுந்தரையில். கதவு எதிர்ச் சுவரில். நடுவில் எட்டடிக்கு இன்னும் காயாத பச்சைத் தரை. உள் சுவரில் தொடங்கி ஒட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து கதவு வழியாக வெளியே வர வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். ஆறு மணி நேரத்துக்குக் கால் வைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவனும் அவன்தான்.

கதவு தட்டப்பட்டது. பேங்குக்குப் போன அம்மா திரும்பிவிட்டார்.

"சார்? உள்ளேயா இருக்கீங்க?"

"ஆமாம்மா."

"கொஞ்சம் திறங்களேன்."

வயிறு சரியில்லை என்று சொல்லலாமா? அந்த அறையில் இன்னும் கக்கூஸ் கோப்பையே வைக்கவில்லை. நாலு எட்டு வைத்தால் தாழ்ப்பாள். அமுங்கினாலும் அந்த அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. அவனுக்குத் தெரியும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"திறக்க முடியாதும்மா. தரையை நான்தான் பேத்துட்டு மறுபடி ஒட்டினேன். மூலையில மாட்டிக்கிட்டேன். கால் வச்சா எல்லாம் போச்சு."

கதவின் கைப்பிடி ஒருமுறை அசைந்து நின்றது.

"நீங்களா? உங்களுக்கு ஒட்டத் தெரியுமா?"

"அது மட்டும்தாம்மா தெரியும். ரெண்டு வாரம் முன்னாடி சைக்கிள்ல வந்தேன். நாளைக்குச் சொல்றேன்னு அனுப்பிட்டீங்க."

"அப்ப அந்தக் கார்?"

"அக்கா வீட்டுக்காரரோடது."

"வாட்ச்?"

"அதுவும்தான்."

கதவுக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "முன்னாடி சைக்கிள்ல வந்த ஒருத்தன் சமையலறையைப் பாதியில பேத்துப் போட்டுட்டு ஓடிட்டான். கார் வச்சிருக்கறவர் ஓடிப் போக மாட்டார்னு நெனச்சேன்."

"இப்ப என்னாலயும் ஓட முடியாதும்மா."

அவர் சிரித்துவிட்டார். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, ஸ்டூல் மேல் ஏறி, ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டையை உருவிவிட்டு எட்டிப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கட்டம் கட்டமாக ஓடிய இணைப்புகளைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார். கடையிலிருந்து திரும்பி ஸ்டூலுக்குக் கீழே வந்து நின்ற எக்ஸ்பிரஸ், "அண்ணே, கதவுலேர்ந்தா ஆரம்பிச்சே?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அம்மா உள்ளே போய் டீ போட்டு வந்து, அந்தச் சந்து வழியே டம்ளரை நீட்டினார்.

"பக்கத்து வீட்டுல மேல் மாடி கட்டறாங்க. உங்களைத்தான் சொல்லப் போறேன். இவ்ளோ சுத்தமா யார் ஒட்டுவா?"

அஞ்சு நாளுக்கு அப்புறம் அவன் நெஞ்சு லேசானது.

"ஆனா ஒண்ணு சார்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "அங்க வரும்போது கார்லயே வந்துடுங்க. ஒட்டறதுக்கு ஆளையும் கூட்டிட்டு வாங்க. அவங்க கொஞ்சம் அப்படி."

டம்ளர் கையிலேயே நின்றது.

"அங்கயும் நாற்காலி போடுவாங்களாம்மா?"

"நாற்காலியா? அவங்க வீட்டுல சோபா சார்."

அவர் இறங்கிப் போய்விட்டார். கதவோரத்து ஆணியில் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் தொங்கியது. அதன் பையில் வாட்ச் இருந்தது, கார் சாவி இருந்தது. மணி என்ன, இன்னும் எத்தனை நேரம் அங்கேயே உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.