அப்பா கொடுத்த காரின் பிரேக்

போன வாரம் விருதுநகர் பைபாஸில் மகனுடைய காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு, கண்ணாடி அறைக்குள் காபியோடு உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் வந்து, "பிரேக் ஆயில் மாத்தியாச்சு மேடம்" என்று ஒரு தாளை நீட்டினார். அவர் விரல் பட்ட இடத்தில் ஒரு வாசனை. விளக்கெண்ணெயில் கொஞ்சம் ஸ்பிரிட்டைக் கலந்தது போல இருக்கும். தாளைப் படிக்காமல் மோந்துகொண்டிருந்த என்னை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை. கல்யாணமான புதிது என்றால் மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ ஞாபகம் வரும். எனக்கு வாய்த்தது பிரேக் ஆயில்.

அப்பாவுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி. என்னைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்தபோது, தான் ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் காரையே மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். முதுகு உருண்ட அந்தக் காலத்துக் கார். பத்து வருஷம் மண்டி வாசலில் நின்றதால் சீட்டெல்லாம் வத்தல் நெடி. யார் ஏறினாலும் இரண்டு தும்மல் போட்ட பிறகுதான் பேச முடியும். என் வீட்டுக்காரர் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மெஷினையும் கழற்றிப் பார்க்காமல் தூக்கம் வராத ஆள்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பங்குனியில் நடக்கிற பொங்கல் திருவிழாவுக்கு, கல்யாணமான முதல் வருஷம் காரிலேயே ஊருக்குப் போவதாகப் பேச்சு. புதுப்பெண் காரில் போய் இறங்கினால் தெருவே எட்டிப் பார்க்கும் என்று நானும் மனசுக்குள் சேலை நிறத்தைக்கூட முடிவு செய்துவிட்டேன். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது வெளியே போய்விட்டு வந்த மனுஷர், காரை ஷெட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "கார் வேண்டாம். பஸ்ல போவோம். இல்லேன்னா அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எங்கள் வீட்டுக்கு வர இவருக்குப் பிடிக்கவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆறு நாள் பேச்சு வார்த்தை கிடையாது. சோற்றுக் கரண்டி தட்டில் விழுகிற சத்தம்தான் எங்களுக்குள் நடந்த பேச்சு. என் மாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, ரெண்டு பேரும் மவுன விரதமா? எனக்கும் சொல்லியிருந்தா இருந்திருப்பேன்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், உரித்த வெங்காயமும் கையுமாகச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன். ஷெட் திறந்திருந்தது. இவர் காருக்கு அடியில் கிடந்தார். திடீரென்று வெளியே ஊர்ந்து வந்து, கதவைத் திறந்து பிரேக் பெடலை மிதித்து, அதன் மேல் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடி அடியில் புகுந்தார். கட்டை சறுக்கி விழுந்தது. மறுபடி வந்தார். நாலாவது தடவை தலையை இடித்துக்கொண்டார். எனக்கு மனசு இளகிவிட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில், என்னதான் செய்கிறார் என்று தெரியாமல் மண்டை வெடித்தது. போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு தும்மல்.

"என்னங்க, நான் அமுக்கட்டுமா?"

அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து கட்டையை ஓரமாகத் தள்ளியது. பிறகு, "ம். அமுக்கு" என்றார்.

வேலை, பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. நான் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, அவர் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சின்னத் திருகைத் தளர்த்துவார். ரப்பர் குழாய் வழியே பாட்டிலுக்குள் ஆயிலோடு காற்றுக் குமிழ்கள் வரும். திருகை இறுக்கிய பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும்.

"அமுக்கு… புடிச்சுக்கோ… ம், விடு."

ஆறு நாள் கழித்துக் கிடைத்த பேச்சு இந்த மூன்று வார்த்தைதான். நாலு சக்கரமும் முடிந்து குமிழ்கள் நின்றபோது, முகமெல்லாம் கரியோடு எழுந்து, "அம்புட்டுத்தான், காத்து போயிருச்சு" என்றார்.

என் கால் இன்னும் பெடலில்தான் இருந்தது. "இல்லீங்க. மிதிச்ச உடனே கெட்டியாத்தான் இருக்கு. அப்படியே புடிச்சிருந்தா மெள்ள மெள்ள இறங்குது" என்றேன்.

"உனக்குத் தோணும்."

"நீங்களே உக்காந்து பாருங்களேன்."

உட்கார்ந்தார். மிதித்தார். பெடல் சொல்லிவைத்தது போல இறங்கியது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சக்கரங்களில் ஒழுகலே இல்லை, டப்பாவில் ஆயிலும் குறையவில்லை. அப்படியென்றால் பெடலுக்கு அடுத்து ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் தேய்ந்து, மிதிக்கிற ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது என்று அவரே சொன்னார். மறுநாள் ரப்பர் செட் வாங்கி வந்தார். "பெட்ரோல்ல கழுவிராதீக, ரப்பர் ஊதிரும்" என்று கடைக்காரர் சொன்னாராம். அதனால் சிலிண்டரைக் கழற்றிப் பிரேக் ஆயிலிலேயே கழுவினோம். ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்து வெள்ளைப் பெயின்ட் உரிந்தது என் கைங்கரியம். மாட்டி முடித்து மறுபடி அமுக்கு, புடி, விடு. இந்த முறை பெடல் கல்லு மாதிரி நின்றது.

ஆனைக்குட்டம் அணைப் பக்கம் ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். நாலைந்து தடவை நிறுத்தினார். அணைக்கரையில் இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"போன வாரம் எனக்கு முன்னால ஒரு பட்டாசு லோடு லாரி போச்சு. திடீர்னு நிறுத்திட்டான். நான் மிதிக்கேன், பெடல் அடி வரைக்கும் போகுது. மூணு தடவ மிதிச்சு ஒரு சாண் இடைவெளில நின்னுச்சு. பின்னால எழுதியிருந்த வெடிபொருள்ங்கிறத எழுத்துக் கூட்டி வாசிச்சுட்டேன்."

நான் கேட்டேன், "இத அன்னைக்கே சொன்னா என்ன?"

"உங்கப்பா குடுத்த காரு. அதக் குறை சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அணையில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தேன்.

பொங்கலுக்குக் காரிலேயே போனோம். தெரு எட்டிப் பார்த்தது. வாசலுக்கு வந்த அப்பா முதலில் கேட்டது என்ன தெரியுமா? "வாங்க மாப்ள. பிரேக்கு எப்படி இருக்கு? மெள்ள மெள்ள இறங்குமே. கல்யாண அவசரத்துல ஒங்ககிட்டச் சொல்ல மறந்தே போனேன்!"

இவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "நல்லா இருக்கு மாமா" என்றார். சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அன்று திரும்பும்போது வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. இரண்டு ரயில் போகவேண்டும் என்று கேட்காரர் சொன்னார். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் ஜன்னலுக்கே வந்தார். வாங்கிக் கடித்தபடி, ஆறு நாளில் பேசாமல் விட்டதையெல்லாம் பேசினோம். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் எங்கள் குடும்பப் பேச்சு பாதி அந்த கேட்டில்தான் நடந்தது. மகனுக்குப் பெயர் வைத்ததுகூட அங்கேதான். பின்னால் நிற்கிற வண்டிகளின் ஹாரன்கள் கத்தும்வரை கேட் திறந்ததே தெரியாது. இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. ஏறினால் அரை நிமிஷம். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்து, அவர் "என்னது?" என்று கேட்பதற்குள் அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறோம்.