திருப்பத்தூர் பாடிய மத்தியானம்

வெயில் ஏற ஏற ஹெட்செட்டின் கருப்பு ரப்பரிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். அதோடு முந்தின ஷிப்ட்காரியின் தேங்காய் எண்ணெயும் சேர்ந்திருக்கும். எழுபதுகளில், காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், என் மத்தியானங்கள் அந்த வாசனையில்தான் கழிந்தன...

நேற்று நம் குரூப்பில் புளூடூத் ஸ்பீக்கர் உசத்தியா, வால்வு ரேடியோ உசத்தியா என்று சண்டை போட்டுக்கொண்டீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் எனக்கும் ஒரு குரூப் இருந்தது. ஆளே இரண்டு பேர்தான். நானும், பக்கத்துத் திருப்பத்தூர் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஒரு பெண்ணும். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் இரண்டு ஊர் ஆபரேட்டரும் ப்ளக்கைச் சொருகி லைனைச் சேர்த்துவிட வேண்டும். எங்களுக்குள் பேர் சொல்லும் பழக்கம் கிடையாது. ஊர்தான் பேர். நான் காரைக்குடி, அவர் திருப்பத்தூர். முகம் பார்த்ததே இல்லை.

மத்தியானம் போன் கால்கள் குறைந்ததும் பேச்சு ஆரம்பித்துவிடும்.

"காரைக்குடி, சாப்பிட்டீகளா? என்ன கொழம்பு?"

"கத்திரிக்கா புளிக்கொழம்பு. உப்பு கூடிப்போச்சு. நேத்து ரேடியோல புதுப்பாட்டு ஒண்ணு போட்டாகளே, கேட்டீகளா?"

"எங்க வீட்லதான் ரேடியோ இல்லையே. டீக்கடையில ஓடுனத கேட்டேன்."

டீக்கடையைத் தாண்டிப் போகும்போது காதில் விழுந்ததை வைத்தே முழுப் பாட்டையும் பாடிக் காட்டுவார். இடையில் வரும் வயலினையும் வாயாலேயே வாசிப்பார். நான் பதிலுக்கு, அண்ணன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த டிரான்சிஸ்டரின் பெருமையை அளப்பேன். முள்ளை எந்த இடத்தில் நிறுத்தினால் கடலுக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன் கரகரப்பில்லாமல் வரும் என்று பாடம் நடத்துவேன்.

ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். திருச்சிக்குப் போய் ரேடியோவில் ஒரு பாட்டுப் பாடிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டேகாலுக்குப் போடுகிறார்கள். அந்த நேரம் அவருக்கு டூட்டி. கூட வேலை பார்ப்பவர் பிரசவ லீவில் போய்விட்டதால் ஒற்றை ஆள். லீவுக்கு வழியே இல்லை.

"ஒரு தடவைதான் போடுவாக. என் குரல் வெளிய எப்புடி இருக்கும்னு எனக்கே தெரியாது காரைக்குடி. உங்க டிரான்சிஸ்டரை நீங்க பேசுற வாய்க்குழல்கிட்டப் பிடிச்சீகன்னா, நான் இங்குட்டு இருந்தே கேட்டுக்கிருவேன்."

"இதுக்குப் போயி இம்புட்டுத் தயங்குறீக?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பார்த்து பேட்டரி சோர்ந்துகிடந்தது. கடையில் புதுசு இல்லை. அப்போதெல்லாம் பேட்டரியை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும். மொட்டைமாடியில் வைத்தேன். மேகம் வந்து வந்து போனது, நானும் ஏறி ஏறி இறங்கினேன்.

"வத்தலா போட்ருக்க, காக்கா தூக்கிட்டுப் போக? ஒரு எடத்துல இருடி" என்றாள் அம்மா.

டிரான்சிஸ்டரைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுபோனேன். முந்தின நாள் காற்றில் திருப்பத்தூர் லைன் இரண்டில் ஒன்று செத்துப்போயிருந்தது. மிச்சம் ஒன்றுதான். இரண்டு மணியிலிருந்து என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் சூப்பர்வைசர் அறைக் கதவில்.

"திருப்பத்தூர், கேக்குதா?"

"லேசா. இன்னுங் கொஞ்சம் கிட்டக்க..."

'அடுத்து மெல்லிசை. பாடுபவர், ஆர். வள்ளிக்கண்ணு.'

அவர் பேர் எனக்கு அப்போதுதான் தெரியும். லைனில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது கேட்டது. வீணை ஆரம்பித்தது.

அவர் போர்டில் 'டக்'கென்று ஒரு சத்தம். யாராவது போனை எடுத்தால் போர்டில் சின்னத் தகடு விழும், அந்தச் சத்தம். ஒரு பாட்டு முடியும் வரைக்கும் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ஏன் என்று கேட்பதற்கு ஆள் கிடையாது. அவர் எடுத்தார்.

"காரைக்குடி, ரேடியோவ எடுங்க. ஒரு வீட்டுப் பிள்ளை அரளிக்காயத் தின்னுருச்சாம். உங்க ஊரு டாக்டர் வேணும், வெரசா."

குரலில் நடுக்கமே இல்லை. டிரான்சிஸ்டரை மடியில் போட்டேன். டாக்டரைப் பிடித்து லைனைச் சேர்த்தேன். இருந்த ஒற்றை லைனில் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். மடியில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்து, ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கி நான் மட்டும் கேட்டேன். லைனில் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும் குரல், ரேடியோவில் அவ்வளவு ஆழமாக இருந்தது. அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

லைன் விடுபட்டபோது ரேடியோவில் நெல் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"ரெண்டாவது அடியில மூச்சு வாங்கிட்டேன். வெளிய தெரிஞ்சுச்சா?"

"தெரியவே இல்ல. ரொம்ப நல்லாருந்துச்சு."

"நல்லான்னா... எப்புடி?"

எப்படிச் சொல்வது? எனக்குப் பாட வராது. இருந்தாலும் முதலடியை அவர் பாடின மாதிரி பாடிக் காட்டினேன். சிரித்துவிட்டார். "போதும் தாயி, அது என் குரல் இல்லைன்னு மட்டும் தெரியுது" என்றார். சிரிப்பு அடங்கின பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. மறுநாள் அவர் முதலில் சொன்னதே அதைத்தான். ரேடியோவில் மறுபடி கூப்பிட்டார்களா என்று பிறகு ஒரு நாள் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். எனக்குக் கல்யாணமாகி கோயம்புத்தூருக்கு மாற்றலானது. அப்புறம் ஊருக்கு ஊர் நேராகவே டயல் செய்யும் வசதி வந்து, நடுவில் எங்களுக்கு வேலையில்லாமல் போனது.

இப்போது என் மருமகள் வாய்ஸ் மெசேஜ் பேசுகிறாள், போட்டுக் கேட்கிறாள், பிடிக்கவில்லை என்று அழித்துவிட்டு மறுபடி பேசுகிறாள். அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் எழுந்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

பழைய ஒலிநாடாக்களைத் துழாவி எடுக்கிறவர்கள் இந்தக் குரூப்பில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தப் பாட்டு யாரிடமாவது அகப்பட்டால் எனக்கு அனுப்ப வேண்டாம். நான் கேட்டுவிட்டேன்.

அவர் எங்கே இருக்கிறார் என்று தேடி, அவருக்கு அனுப்புங்கள்.