ஆட்களோடு பார்த்த அலைன்மென்ட்

எங்கள் காரின் ஸ்பிரிங்குகளை வெட்டித் தாழ்த்தியது என் மனைவிக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி உண்மை. மலைப்பாதையில் நாலு வளைவு தாண்டுவதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிடும். தாழ்ந்த கார் வளைவில் சாயாது என்று ஹட்டனில் ஒரு கராஜ்காரர் சொன்னார். மீதிப் பாதி, ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வரும் கொழும்புக் கார்கள். தரையோடு தரையாக ஊர்ந்து போகும் அவற்றை ஏரிக்கரையில் நின்று வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். கணிதம் படிப்பிக்கிற முப்பத்தெட்டு வயது ஆள் செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம்.

நாங்கள் இருப்பது அக்கரப்பத்தனைப் பக்கம், ஒரு தோட்டப் பாடசாலைக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் ஆசிரியர் விடுதியில். அவளுக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போன பிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாதம் ஒரு தரம் தராசில் தொங்கவிட்டு நிறை பார்க்க வேண்டும். ஊரார் பிள்ளைகளின் நிறையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று உண்டாகி ஏழாம் மாதம் போய்விட்டது. அன்று மழை. யாரையும் கூப்பிடாமல், ஓட்டோவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைப்பேற்று வார்டு வாசலில் தாதி, கூட இருக்கப் பொம்பளை யார் வந்தது என்று கேட்டார். வலிக்கு நடுவில் என் மனைவியே பதில் சொன்னாள், யாரும் வரவில்லை என்று. கதவு சாத்திக்கொண்டது. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன்.

பாதைக் குலுக்கலுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. பாதைமேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அந்தக் கோபத்தில்தான் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினேன், பிறகு தாழ்த்தினேன்.

தாழ்த்திய முதல் மாதம் முழுக்க ஒரு மயக்கத்தில் போனது. விடிகாலைப் பனியில் பள்ளத்தாக்கு நிரம்பியிருக்கும். தேயிலை தெரியாது, மரங்களின் உச்சி மட்டும் தெரியும். கார் அதற்குள் மெதுவாக இறங்கும்போது சக்கரம் உருளும் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பது போல இருக்கும். அந்த வெள்ளைக்குள் எனக்கும் தூக்கம்போல ஒரு சுகம் வந்து கண்ணைக் கட்டும். அவள் வாந்தி எடுக்கவில்லை. கண்ணாடியில் விரலால் கோடு கிழித்துக்கொண்டு வருவாள்.

எங்கள் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. சீட் காலியாக இருந்தால் நடந்து போகிறவர்களைத் தாண்டிப் போகக்கூடாது. அவர்கள் கை காட்டவும் வேண்டாம், நாம் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். மேல் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கும் அக்காமார் மூன்று பேர் அநேகமாக எப்போதும் ஏறுவார்கள். அவர்களில் வாய் ஓயாத அக்கா ஒருத்தி கோவா என்கிற முட்டைக்கோஸ் பயிரிட்டு டவுனுக்குக் கொண்டுபோகிறவள், அதனால் டிக்கியில் கோவா மூட்டையும் ஏறும். ஏறியதும் கார் பெருமூச்சு விட்டதுபோல இன்னும் கொஞ்சம் தாழும்.

நாலாம் மாதம் டயர்கள் போயின. வெளியே நின்று பார்த்தால் புது டயர். உள்பக்கத்தைக் கையால் தடவினால் மொட்டை, ஓரத்தில் கம்பி தெரிந்தது. டயர் விற்றவரைத் திட்டிவிட்டு வேறு டயர் போட்டேன். கார் தாழ்ந்ததும் சக்கரங்கள் உள்ளே சாய்ந்துவிடும், அலைன்மென்ட் பார்க்காமல் ஓடினால் எந்த டயரும் நிற்காது என்று அவர் அமைதியாகச் சொன்னார்.

அலைன்மென்ட் பார்க்க ஹட்டனுக்குப் போன விதத்தை இன்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி காரைக் கழுவித் துடைத்து, டிக்கியைக் காலி செய்து, வழியில் யாரும் ஏறிவிடக்கூடாது என்று காலைப் பெரட்டில் பெயர் கொடுக்க ஆட்கள் கிளம்பும் முன்னமே தனியாகப் போனேன். சக்கரங்களில் கருவியைப் பூட்டினார்கள். திரையில் சிவப்பாக இருந்த இலக்கங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல புள்ளி வாங்கிய பிள்ளை மாதிரி அவளிடம் காட்டினேன். மூன்று மாதத்தில் அந்த டயர்களும் உள்பக்கம் தேய்ந்தன. இந்தத் தடவை அலைன்மென்ட் பார்த்த மெக்கானிக் பாஸை நான் திட்டிய திட்டு, பாவம், அவருக்குத் தமிழ் அரைகுறையாகப் புரிந்தது நல்லதாய்ப் போயிற்று. சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் பச்சையாக்கித் தந்தார்.

இதற்குள் அவள் மறுபடியும் உண்டாகி ஏழாம் மாதம் ஆகியிருந்தது. இரவெல்லாம் நன்றாக இருப்பேன், விடிந்ததும் பயம் பிடிக்கும். காருக்கு அடியில் தலையை விட்டு டயரைத் தடவிப் பார்ப்பேன். நானுஓயா ஏற்றத்தில், பக்கத்தில் பள்ளம், அவள் உள்ளே இருக்கும்போது ஒரு டயர் வெடித்தால்? இந்தப் பிள்ளையையும் இழந்தால் அவள் என்னை ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் எனக்குத் தாங்காது.

ஒருநாள் விடுதி ஜன்னலிலிருந்து அவள் கூப்பிட்டாள். லீவு எடுத்த நாளிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். கீழே பாதை முழுவதும் தெரியும்.

"நீங்க ஆளுங்களோட போறப்ப பின்சக்கரம் ரெண்டும் காலு வளைஞ்ச மாதிரி சாயுது. தனியா வாறப்ப நேரா நிக்குது. நான் இங்கேருந்து தினம் பாக்குறேன்."

நான் வாயைத் திறக்கும் முன் அவளே தொடர்ந்தாள்.

"வெறும் வண்டியக் கொண்டுபோய் காட்டுனா அந்த மனுசனுக்கு என்னங்க தெரியும்? நம்ம வண்டி எந்த நாளு வெறுமையா ஓடிச்சு?"

பதினைந்து வருஷமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். நிறை பார்க்கிற அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் ஒரு சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை அக்காமார் மூவர், அவள், கோவா மூட்டை எல்லோரோடும் ஹட்டன் போனேன். பாஸ் முதலில் சிரித்தார், பிறகு காரின் முன்னும் பின்னும் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். வெட்டிய ஸ்பிரிங்கை ஒட்ட முடியாது, உயரமான ஸ்பிரிங் தேடி வரும்வரை இதுதான் வழி என்றார். யாரும் இறங்க வேண்டாம், அசையவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்படியே மேடையில் ஏற்றினார்.

அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். கராஜுக்கு முன்பக்கச் சுவர் இல்லை. பனி உள்ளே வந்து காரைச் சுற்றிக்கொண்டது. எங்கும் போகாத ஒரு காரில் ஐந்து பேர் எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போல உட்கார்ந்திருந்தோம். கீழே திருகு திரும்பும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் நடுங்கும். என் மனைவி வாய் ஓயாத அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது. இலக்கங்கள் பச்சையானதை நான் கவனிக்கவே இல்லை.

இறக்கிவிடும்போது பாஸ் ஒன்று சொன்னார். இனி ஆட்களோடு போனால் நேராகப் போகும், டயரும் நிற்கும். வெறுமையாகப் போனால் ஸ்டீயரிங் சற்று அலையும், பயப்பட வேண்டாம்.

ஒன்பதாம் மாதம் ஒரு காலையில் வலி எடுத்தது. டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். லயத்து முடக்கில், பாதை திரும்பும் இடத்தில், அக்காமார் மூவரும் நின்றார்கள். வழக்கப்படி நிறுத்தினேன். பின்சீட்டில் அவளைப் பார்த்ததும் மூவரும் பின்வாங்கினார்கள். "நீங்க போங்க சேர். நாங்க ஏறுனா வண்டி கீழ தட்டும், புள்ளைக்குக் குலுங்கும்" என்றாள் கோவா அக்கா.

நான் புறப்பட்டேன். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. ஸ்டீயரிங் கையில் நிற்காமல் அலைந்தது. பாஸ் முன்பே சொன்னதுதான், ஆபத்து இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணாடியில் அவள் தனியாக, சீட் நுனியைப் பிடித்தபடி, அந்த ஓட்டோவில் இருந்ததுபோலவே இருந்தாள்.

காரைப் பின்னுக்கே எடுத்தேன், முடக்கு வரைக்கும். மூவரும் அங்கேயே கும்பிட்ட கையோடு நின்றார்கள். இறங்கிக் கதவைத் திறந்தேன்.

"ஏறுங்கக்கா. நீங்க இருந்தாத்தான் இது நேரா போகும்."

ஏறினார்கள். கார் தன் இடத்துக்குத் தாழ்ந்தது. ஸ்டீயரிங் கையில் நின்றது. கோவா அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். லிந்துலவில் பனி, நானுஓயாவில் பனி, அதற்குள் மூன்று குரல்கள் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டே வந்தன.

வார்டு வாசலில் அதே கதவு. தாதி வேறொருவர். கூட இருக்கப் பொம்பளை யார் வந்தது என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் "நான்" என்றார்கள்.