மவுஸை ஆட்டினால்தான் வரும் எண்

மெஷின் ஆயில் வாடை எங்காவது மூக்கில் பட்டால் போதும், எவாஞ்சலினுக்கு அந்த ஸ்பிரிங் கம்பெனி ஞாபகம் வந்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அதுதான் அவளுடைய முதல் வேலை. அப்போது வயது இருபத்திரண்டு. முகப்பேரிலிருந்து பஸ்ஸில் தொங்காத குறையாக வந்து இறங்குவாள்.

அங்கே ஸ்பிரிங்கை அழுத்திச் சோதிக்கும் மெஷின் ஒன்று இருந்தது. அழுத்தத்தை அளந்து எண்ணை அனுப்பும் புரோகிராமை யாரோ எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த எண்ணை வாங்கித் திரையில் காட்டும் இன்னொரு புரோகிராமை எவாஞ்சலின் எழுத வேண்டும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு.

மெஷினில் உட்கார்ந்தவர் ஆரோக்கியம்மாள். அப்படி ஒரு கை வேகம். வைப்பார், அழுத்துவார், திரையைப் பார்ப்பார், நல்லது ஒரு பெட்டியில், கெட்டது ஒரு பெட்டியில். எல்லாம் இரண்டே நொடி.

எவாஞ்சலின் முதலில் எழுதியது எண்ணுக்காகக் காத்திருந்து காத்திருந்து, திரையில் திறந்த ஜன்னலோடு உறைந்துபோனது. மாற்றி எழுதினாள். அவள் உட்கார்ந்து பார்த்தவரை நன்றாகவே ஓடியது. மறுநாள் காலை ஆரோக்கியம்மாள் கூப்பிட்டார்.

"பாப்பா, இத்த வந்து பாரு. சொம்மா இருந்தா நம்பர் வர்ல. மவுஸ ஆட்னா வந்துடுது."

"அப்படியெல்லாம் ஆகாதுக்கா."

ஆரோக்கியம்மாள் மவுஸை ஒரு தட்டு தட்டினார். எண் வந்தது.

காரணம் புரியவில்லை. இரண்டு நொடிக்கு ஒருமுறை எண் வந்திருக்கிறதா என்று பார்க்கும்படி ஒரு டைமரைப் போட்டு அப்போதைக்குச் சமாளித்தாள். பத்து நாளில், வாங்கியவர்களிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. நல்ல ஸ்பிரிங்கோடு கெட்டதும் கலந்திருந்தது.

சூபர்வைசர் திருவேங்கடம் எல்லோர் எதிரிலும் ஆரோக்கியம்மாளைப் பிடித்துக் கத்தினார். "கண்ணு தெரியலைன்னா சொல்லிடும்மா. வேற ஆளப் போட்டுக்கறேன்."

ஆரோக்கியம்மாள் அடுத்த ஸ்பிரிங்கை வைத்தார். எவாஞ்சலின் பின்னால் நின்று பார்த்தாள். இந்த ஸ்பிரிங்கை அழுத்தி முடித்த பிறகும் முந்தைய ஸ்பிரிங்கின் பச்சை அப்படியே நின்றது.

"சார், அக்கா மேல தப்பு இல்ல. என் புரோகிராம் லேட்டா காட்டுது" என்றாள்.

திருவேங்கடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு."

அன்றுதான் அவளுக்கு விளங்கியது. ஜன்னலைக் காட்டும் புரோகிராமுக்குள், என்ன வந்திருக்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு சுற்று உண்டு. மவுஸும் கீபோர்டும் சும்மா இருந்தால் அது தூங்கிவிடும். எண் வரும் வழியையும் கவனி என்று அதற்கு அவள் சொல்லவே இல்லை. மவுஸ் அசைந்து எழுப்பிய பிறகுதான் காத்துக்கிடந்த எண் அதன் கண்ணில் பட்டது. அவள் சோதித்தபோது மவுஸிலிருந்து கையையே எடுக்காததால் குறை தெரியாமல் போயிற்று. டைமரைத் தூக்கிவிட்டு, எண் வரும் வழியையும் அந்தச் சுற்றின் கவனிப்பில் சேர்த்தாள். நாலே வரி. ஆரோக்கியம்மாள் அழுத்திய கணமே நிறம் மாறியது.

அதன்பிறகு இரண்டு வருடம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். பிறகு எவாஞ்சலின் அதே எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டடத்து சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்கு மாறிப்போனாள்.

இந்த வருடம் அம்பத்தூர் ஸ்டேஷனில் ஆரோக்கியம்மாளைப் பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அக்கா, அந்த மவுஸ் ஞாபகம் இருக்கா?"

"எந்த மவுஸு?" என்று விழித்தார் ஆரோக்கியம்மாள். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது? அன்னிக்கி அந்தாளு என்னிய தொரத்தியே இருப்பான். நீ போயி நின்ன பாரு, அதாங் கண்ணுக்குள்ள கீது. அந்த வேலைல இருந்துகினுதான் எம் பொண்ணு சௌம்யாவ நர்சுக்குப் படிக்க வெச்சேன். ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா."

போனாள். ஆவடியில் சின்ன வீடு. சௌம்யா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "அம்மா சொல்ற எவா அக்கா நீங்கதானா?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.